எந்தப் பக்கம் சுத்தும்

வெள்ளியங்கிரியின் இடது கை விரல் மூன்றும் மிஷினின் தலைக்கு அடியில் மாட்டிக்கொண்டபோது மணி பத்தே கால் இருக்கும். மாட்டிக்கொண்டது என்றதும் ரத்தமும் கூச்சலுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கரண்ட் போயிற்று. கரண்ட் போனால் எல்லோரும் என்ன செய்வார்களோ அதைத்தான் அவரும் செய்தார், அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். ஃபேன் சுற்றி ஓய்ந்து நிற்பதற்குள், வெட்டுக்கத்தியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போய்வருகிற அந்த ஐம்பது கிலோ இரும்புத் தலை, தூங்கின பிள்ளையைத் தொட்டிலில் விடுகிற பதத்தில், சத்தமில்லாமல் இறங்கி வந்து இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸின் மேலே இருந்த கையின் மேல் உட்கார்ந்துகொண்டது. கையில் வேஸ்ட் துணி இருந்தது, தூசி துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வேப்பங்கட்டை படுத்திருந்தது. பாரத்தைக் கட்டை வாங்கிக்கொண்டது. மிச்சம் கொஞ்சத்தை விரல்கள் வாங்கிக்கொண்டன. ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் அந்தக் குட்டை விரல். மோதிர விரல்தான், நுனி போய்ப் பத்தொன்பது வருஷமாகிறது, குட்டை என்றே அதற்குப் பேர். குட்டையாக இருந்த புண்ணியம், அது மட்டும் உள்ளே கொஞ்சம் அசைந்தது. மற்ற ரெண்டும் கணுவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றன. இழுத்துப் பார்த்தார். தோல் வந்தது, எலும்பு வரவில்லை. வலது தோளைத் தலைக்கு அடியில் கொடுத்து எக்கிப் பார்த்தார், ஐம்பத்தெட்டு வயசுத் தோள், முட்டி மடக்கென்றதுதான் மிச்சம். மேலே, தூணின் உச்சியில், தலையை ஏற்றி இறக்குகிற ஸ்க்ரூவின் தலைமாட்டில் இருக்கிறது பெரிய புல்லி. அதை ஒற்றை விரலால் திருப்பினால் போதும், தலை பூப்போல மேலே போய்விடும். வலது கையை நீட்டினார். ஒரு சாண் எட்டவில்லை. குதிகாலைத் தூக்கினார், அப்போதும் நாலு விரற்கடை எட்டவில்லை. சரி, கரண்ட் வரட்டும் என்று நினைத்தார். நினைத்த அந்த நிமிஷத்தில்தான் அது உறைத்தது. கரண்ட் வந்தால் தலை எந்தப் பக்கம் போகும்?

சின்னவேடம்பட்டியில் அவர் வீடு. கார் நிறுத்துவதற்கென்று கட்டி, கார் வாங்காமலே போய், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு மூடின இடம்தான் பட்டறை. கம்பெனியில் இருபத்தேழு வருஷம் மில்லிங் ஓட்டினவர், கம்பெனி மூடினபோது அதே மிஷினைக் கழித்துப் போட்டார்கள், கைப்பிடி சுற்றி ஓட்டுகிற பழைய மிஷின், அதைக் கொண்டுவந்து மூன்று மாசமாகக் கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறார். கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு மோட்டார். முன்னே பின்னே போகிறதற்கு ஒன்று, இடம் வலம் போகிறதற்கு ஒன்று, மேலே கீழே போகிறதற்கு ஒன்று. மற்ற ரெண்டும் லேசாக முடிந்தது. இந்த மேலே கீழேதான் ஆளைத் தின்றது. மோட்டாருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் என்ன போடுவது, பல்சக்கரமா, பெல்ட்டா? கியரா பெல்ட்டா, கியரா பெல்ட்டா என்று குளிக்கும்போதும் அதே, சாப்பிடும்போதும் அதே. ரெண்டு தெரு தள்ளி லேத்துப் பட்டறை வைத்திருக்கிற ஆறுச்சாமி கியர்க் கட்சி. "கியரே போடுங்ணா. உங்க பேரங்காலம் வரைக்கும் நிக்கும்." "பேரனே இல்ல, அவங்காலம் எங்கிருந்துடா வரும்?" "அட வராட்டிப் போவுதுங்ணா, கியரு நிக்குமில்ல? பெல்ட்டுங்கறது ரப்பரு. இழுபடும். மேல கீழ போறதுக்குப் பெல்ட்டைப் போட்டா, கரண்டு போச்சுன்னா தலை எறங்கீரும். பிரேக்கு வெச்ச மோட்டாரு வேணும். இல்லாட்டி துணி காயப்போடற கொடியில ஆட்டாங்கல்லைத் தொங்கவுட்ட மாதிரிதான், பாத்துக்கங்க." அவன் சொன்னான். சொல்லத்தான் சொன்னான். இப்போது அவன் சொன்னது ஒவ்வொரு எழுத்தாக விரல் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேஜை மேல் செல்போன் கிடக்கிறது, கதவோரமாக, பத்தடி தள்ளி, அது அடித்தால்கூட அவனாகத்தான் இருக்கும், என்னுங்ணா ஆச்சு, பெல்ட்டா கியரா என்று கேட்பான். பெல்ட்டுதான்டா, நல்லாப் புடிச்சிருக்குது என்று சொல்லலாம். சிரிப்பு வந்தது. சிரித்தால் விரல் வலித்தது.

ஒயரை மாத்துனனா? மாத்தினேன். மாத்தினேன் என்றுதான் ஞாபகம். விஷயம் என்னவென்றால், பல்சக்கரம் ரெண்டு ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு சுற்றினால் ஒன்று வலப்பக்கம் போனால் இன்னொன்று இடப்பக்கம்தான் போகும். பெல்ட் அப்படியில்லை, மோட்டார் எந்தப் பக்கமோ ஸ்க்ரூவும் அந்தப் பக்கம். சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற கணக்கு. ஆகவே கியரைக் கழற்றிவிட்டுப் பெல்ட் போட்டால், மோட்டார் சுற்றுகிற திசையையும் மாற்றிவிட வேண்டும், ரெண்டு ஒயரை இடம் மாற்றிச் செருகினால் முடிந்தது வேலை. மாற்றாவிட்டால் மேலே போ என்றால் கீழே போகும். நேற்றுச் சாயங்காலம் கியரைக் கழற்றினார். ஒயரை மாற்றினார். கறுப்பு ஒயரைக் கழற்றினது தெரிகிறது, கறுப்பு ஒயரின் முனையில் ஒரு இழை பிரிந்து நின்றதும் அதை வாயில் வைத்து எச்சில் பண்ணி முறுக்கினதும் தெரிகிறது, நாக்கில் செம்பின் புளிப்புக்கூட இப்போதும் இருக்கிறது. காலையில் வந்து பார்த்தார். மோட்டாரை ஓட்டுகிற கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் திறந்தார். ஒயர் இப்படியல்லவா இருக்கிறது, நேற்று மாற்றினோமா மறந்துவிட்டோமா என்று ஒரு யோசனை வந்தது. வந்ததும் என்ன செய்தார்? மாற்றிச் செருகினாரா, நேற்றே மாற்றியாயிற்று என்று மூடிவிட்டாரா? ஸ்க்ரூ டிரைவர் கையில் இருந்தது தெரிகிறது. சிவப்புப் பிடி ஸ்க்ரூ டிரைவர். அதைப் பெட்டி மேல் வைத்தது தெரிகிறது. வைக்கிறதற்கு முன்னால் திருகினாரா? அந்த இடம் மட்டும் அழித்த சிலேட்டாக இருக்கிறது. ஒருமுறை மாற்றினால் சரி. ரெண்டு முறை மாற்றினால் மாற்றாததற்குச் சமம். ஊருக்குக் கிளம்பிப் பாதி வழி போனபின் பூட்டினோமா என்று வருமே, அதுதான் இது. ஆனால் திரும்பிப்போய்ப் பார்க்க முடியாது, பெட்டி அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது, கழுத்தைத் திருப்பினால் அதன் ஓரம் தெரிகிறது, உள்ளே இருக்கிற ஒயர் தெரியவில்லை.

ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஓட்டிப் பார்க்கத்தான் போனார். காலையில் மிஷினுக்குக் கரண்ட் கொடுத்தபோது பெல்ட் போட்டிருக்கவில்லை, வேப்பங்கட்டையைச் செங்குத்தாக நிறுத்தித் தலைக்கு முட்டுக்கொடுத்திருந்தார். தலை உச்சியிலேயே இருந்ததால் மோட்டார் சுற்றவில்லை, ம்ம்ம் என்று இறுகி மட்டும் நின்றது. அப்புறம் பெல்ட்டை மாட்டினார். விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்துக் கட்டினார். இறுக்கமும் ஆகாது, பேரிங்கைத் தின்றுவிடும், தொளதொளவும் ஆகாது, பல் தாண்டிவிடும். பெல்ட்டுக்கும் பல் உண்டு, உள்பக்கம் வரிவரியாக ரப்பர் பல், பல்லுப் போன கிழவனின் ஈறு மாதிரி, கடிக்காது, பிடித்துக்கொள்ள மட்டும் செய்யும். பிடித்துக்கொண்டது. முட்டுக்கட்டையை எடுத்தார். தலை அப்படியே நின்றது. அடடா என்று அதைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுகிற மாதிரி. நின்றதெல்லாம் மோட்டாருக்குள் ஓடின கரண்டின் பலம், அதைப் பெல்ட்டின் பலம் என்று நினைத்துக்கொண்டார். கியர் இருந்தபோது அஞ்சு சுற்றுக்கு ஒரு சுற்று என்று குறைத்துப் போட்டிருந்தார், கரண்ட் போனாலும் தலை நகராது, அந்தப் பழக்கம் கையில் இருந்தது. கட்டையைப் படுக்கப்போட்டுவிட்டு, ஓட்டுவதற்கு முன்னால் வைஸைத் துடைத்துவிடலாம் என்று கையை உள்ளே விட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் பழகின கை. அது எங்கே போகிறது என்று அவர் பார்ப்பதேயில்லை.

இன்னொரு வேலையும் பண்ணி வைத்திருந்தார். கரண்ட் வந்ததும், யாரும் ஒரு பட்டனும் அமுக்காமல், தலை தானாக மேலே போய் உச்சியில் நிற்க வேண்டும் என்று பெட்டிக்குள் எழுதி வைத்திருந்தார். ஆறுச்சாமி அப்போதும் சொன்னான், "வேண்டாமுங்ணா, பட்டன் அமுக்குனா போறாப்பல வெச்சுக்கங்க, நாம ஒரு நெனப்புல இருப்பம், அது ஒரு நெனப்புல கெளம்பீரும்." இவர்தான், எஜமான் வந்ததும் எழுந்து நிற்கிற மாதிரி அது எழுந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். இப்போது அது எழுந்து நிற்குமா, உட்காருமா? உட்கார்ந்தால் கட்டை தாங்காது. கரண்ட் இல்லாத ஐம்பது கிலோ வேறு, கரண்டோடு ஸ்க்ரூ அமுக்குகிற பாரம் வேறு, வேப்பங்கட்டையை அப்பளமாக்கிவிட்டு அப்புறம்தான் நிற்கும். விரல் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாம் என்று யோசித்தார். யோசிக்க வேண்டாம் என்பதே யோசனைதானே. வேறே யோசி. கூரையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அது வழியாக ஒரு வெயில் வட்டம் தரையில் விழுகிறது, எட்டணாக் காசு அளவு. எண்ணெய் டின்னுக்கு இந்தப் பக்கம் இருந்தது இப்போது டின்னைத் தொட்டுவிட்டது. மாசாமாசம் ஒரு நாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள், காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் என்று பேப்பரில் போடுவார்கள், ஆனால் வேலை முடிந்தால் ரெண்டு மணிக்கும் விடுவார்கள், பன்னெண்டுக்கும் விடுவார்கள், இதோ இப்போதும் விடலாம். பேப்பரில் இன்றைக்கென்று போட்டிருந்ததா? போட்டிருக்கும். அவர் பேப்பரில் அதைப் படிக்கிற வழக்கமில்லை. அது பெண்டாட்டி மயிலாத்தாளின் வேலை. காலையில் காப்பியோடு உட்கார்ந்து, "ஏனுங்க, நாளைக்கு நம்ம பக்கம் கரண்டு இல்லியாமா, தண்ணி எடுத்து வெச்சரலாம்" என்று அவள்தான் சொல்வாள். எட்டு நாளாக அவள் பேசுவதில்லை. பேசாதவள் கரண்ட் போகிறதை மட்டும் சொல்வாளா?

அந்தச் சத்தத்தால் வந்தது. கியர்ச் சத்தம். மூன்று மாசமும் அவளிடம் பெல்ட் போடுகிறேன், பெல்ட்டுதான் போடுவேன் என்று சொல்லிவிட்டு, ஆறுச்சாமி பேச்சைக் கேட்டுக் கியரை வாங்கிவந்து மாட்டினார். மாட்டி மூடி போட்டு மறைத்துவிட்டார். ஓட்டினதும் கர்ர் என்றது. சமையலறையிலிருந்து வந்து கதவில் நின்றாள், கையில் கரண்டியோடு. "அது கியருச் சத்தமுங்க." "பெல்ட்டுதான். புதுசு, பழகோணும்." "பெல்ட்டு பேசாது. இது பேசுது." அவ்வளவுதான் சொன்னாள். அவர்தான் நிறுத்தவில்லை. மாட்டிக்கொண்டவனுக்குத்தான் வாய் நீளும். "உனக்கு மிஷினைப் பத்தி என்ன தெரியும்? கரண்டு போனா ஓடிவந்து மெயினை அமத்தறது ஒண்ணுதான் தெரியும். ஒருக்கா அமத்துனா கரண்டு வந்தாலும் பெட்டி தானாக் கெளம்பாது, தெரியுமா? இனி இந்த ரூமு மெயின் மேல நீ கை வெக்காதே." சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, கரண்டியைப் பார்த்தாள், போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. சோறு வரும், மோர் வரும். பதினோரு மணிக்கு மோர் டம்ளரைக் கதவோரத்தில் வைத்துவிட்டு டம்ளரின் விளிம்பில் நகத்தால் டொக் என்று ஒரு தட்டு. அதுதான் பேச்சு. பட்டறை மெயின் சுவிட்ச் வெளியே நடையில், மீட்டர் பக்கத்தில் இருக்கிறது. முன்னெல்லாம் கரண்ட் போனதும் அவள் எங்கே இருந்தாலும் செருப்புக்கூடப் போடாமல் வந்து அதை அமர்த்துவாள். இவர் திட்டுவார். மறுபடி அமர்த்துவாள். இப்போது அமர்த்தியிருக்க மாட்டாள். கை வைக்காதே என்றால் வைக்கமாட்டாள், அவள் ரோஷம் அவருக்குத் தெரியாதா, முப்பத்தொரு வருஷம். ஒருமுறை, எந்தக் கல்யாணத்திலோ, நீ பாடினால் நாய் குரைக்கிற மாதிரி இருக்குது என்று விளையாட்டுக்குச் சொன்னார், அப்புறம் இன்றுவரை அவள் முணுமுணுத்துக்கூட அவர் கேட்டதில்லை.

அவளுக்குக் கியரைப் பிடிக்காது என்றால் அது சும்மா இல்லை. இந்தக் குட்டை விரலின் நுனி போன அன்று, கம்பெனி லேத்தில், மூடி திறந்திருந்த பல்சக்கரம், ஒரு நிமிஷம்கூட இல்லை. வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு டவுன்பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள், சின்னக் கீறல்தான் என்று வந்துவிட்டார். எதற்கு அப்படி வந்தார் என்று இன்றைக்கும் அவருக்கே தெரியாது. அவள் என்னாச்சு என்றாள். "ஒண்ணுமில்ல." வலிக்குதா என்றாள். "ஒண்ணுமில்ல மயிலா, சித்த நேரத்துல சரியாப்போயிரும்." உட்கார்ந்து சாப்பிட்டார், வலது கையால். இடது கையை மடியில் வைத்திருந்தார். வேட்டி நனைந்து, நனைந்தது தரைக்கு வந்து, அவள் மோர் ஊற்ற வந்தவள் அதைப் பார்த்து, செம்பைக் கீழே வைத்துவிட்டு, துணியை அவிழ்த்தாள். அவள் அப்போது கத்தியிருந்தால் தேவலை. அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி அதே மாதிரி சுற்றினாள். தையல் போட்டுக்கொண்டு திரும்பி வருகிற வழியில்தான் சொன்னாள், "பல்லு இருக்கற எதுவும் இனி என் வாசப்படி தாண்டி உள்ள வரக்கூடாது." அது அவருக்குப் போட்ட கட்டளை என்று நினைத்தார். பல்லைப் பற்றித்தான் சொன்னாள் என்றே பத்தொன்பது வருஷமாக நினைத்தார். இப்போது விரலுக்குள் ரத்தம் டக் டக் என்று அடித்துக்கொள்கிற இந்த நேரத்தில், பல்லைப் பற்றி இல்லையோ, அந்த ஒண்ணுமில்லையைப் பற்றியோ என்று ஒரு மின்னல் மாதிரி வந்தது, வந்து அதைப் பிடிப்பதற்குள் மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தது. ஊதினார். பறந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. வலது கையால் விரட்டினார், விரட்டின அசைவில் தலை ஒரு மயிரிழை இறங்கின மாதிரி இருந்தது. மாதிரிதானா, இறங்கினதா? பெருவிரல் குளிர்ந்துபோயிருந்தது.

அதனால்தான் நேற்றுக் கியரைக் கழற்றினார், சத்தியமாக அதனால்தான், ஆட்டம் என்று ஆறுச்சாமியிடம் சொன்னதெல்லாம் சால்ஜாப்பு. ஆனால் ஆட்டமும் இருந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு நூலிழை சந்து இருக்கும், ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கிற சக்கரம் மறுபக்கம் திரும்பும்போது அந்தச் சந்தைக் கடக்கிறவரைக்கும் சும்மா சுற்றும், மோட்டார் திரும்பிவிடும், தலை திரும்பியிருக்காது, அதற்குத்தான் பட்டறையில் ஆட்டம் என்று பேர். போகும்போது தெரியாது. திரும்பும்போதுதான் தெரியும். பெல்ட்டில் அது கிடையாது, இழுத்துக் கட்டின பெல்ட் திரும்பு என்றால் திரும்பும். ஒரு சமாதானம் மாதிரி அதை மாட்டினார். ஓட்டிக் காட்டலாம், சத்தமே வராது, சத்தம் வராததைக் கேட்டு அவள் கதவில் வந்து நிற்பாள், வாயைத் திறந்து ஏதாவது சொல்வாள் என்று ஒரு கணக்கு. சொல்லாமலே புரிய வேண்டும் என்கிற கணக்கு. அந்தக் கணக்குத்தான் இப்போது கையைப் பிடித்து வைத்திருக்கிறது. கூப்பிட்டால் வருவாள். கூப்பிடலாம். வாயைத் திறந்தால் போதும். திறந்தால் என்ன சொல்வது? மாட்டிக்கிச்சு என்பதா? அவள் வந்து நிற்பாள், மிஷினையும் கையையும் பார்ப்பாள், மறுபடியும் அதே கை, அதே வேஸ்ட் துணி. வேண்டாம். மோர் டம்ளர் வரட்டும், டொக் என்று தட்டட்டும், அப்போது சாதாரணமாக, சும்மா கேட்கிற மாதிரி, மெயினைக் கொஞ்சம் அமத்து என்றால் போயிற்று, உள்ளே வராமலே. வெயில் வட்டம் டின்னில் ஏறிவிட்டது. பதினொன்று ஆகியிருக்க வேண்டும். டம்ளர் வரவில்லை.

சத்தங்களைக் கேட்டார். கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தூரத்தில் பஸ். கோலமாவுக்காரனின் சைக்கிள் மணி. எங்கேயோ ஒரு உர்ர்ர் என்கிற சத்தம், அடித்தொண்டையில், கொஞ்ச நேரமாகவே இருக்கிறது, எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. ஜெனரேட்டர். ஆறுச்சாமி பட்டறையாக இருக்கும், இல்லாவிட்டால் பின்தெரு பாலிஷ் பட்டறை. கரண்ட் இல்லாத நாளில் அவர்கள்தான் ஜெனரேட்டர் போடுவார்கள். நல்லது. அது ஓடுகிறவரைக்கும் கரண்ட் வரவில்லை என்று அர்த்தம். அந்தச் சத்தத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஓடு, ஓடு, நிறுத்தாதே. மேஜையில் செல்போன் அடித்தது, அதிர்ந்து அதிர்ந்து மேஜை விளிம்புக்கு நடந்து வந்தது, விழப்போகிறது என்று பார்த்தால் நின்றுவிட்டது. போன் நின்ற அமைதியில் உர்ர்ர் இன்னும் நன்றாகக் கேட்டது. விரல் ரெண்டும் இருக்கிறதா என்று சந்தேகமாகிவிட்டது, வலிகூட இல்லை, வேறு யாருடைய விரலோ மாதிரி, குட்டை மட்டும் துணிக்குள் புழுவாக நெளிந்துகொண்டிருந்தது, நானிருக்கேன் நானிருக்கேன் என்று. மேலே போகுமா? மாத்தினேன். எச்சில் பண்ணி முறுக்கினேன். அது நேற்று. காலையில்? சிவப்புப் பிடி. சிவப்புப் பிடியைத் திருகினால் உள்ளங்கையில் அதன் வரி பதிந்திருக்குமா? வலது கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் எல்லா வரியும் இருந்தது. எது காலையினுடையது?

உர்ர்ர் நின்றது.

ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினால் கரண்ட் வந்துவிட்டது. வந்துவிட்டால் இந்த நிமிஷம், இதோ, பெட்டியில் பச்சை விளக்கு எரியும், மூன்று எண்ணுவதற்குள் பெட்டி விழித்துக்கொள்ளும், தலை கிளம்பும். ஒண்ணு. "மயிலா!" என்று கத்தினார். அது அவர் குரல் மாதிரியே இல்லை. "மயிலா! மெயின அமத்து! உள்ள வராதே, மொதல்ல மெயின அமத்து!"

வெறுங்கால் நடையில் ஓடிவருகிற சத்தம். கதவுக்கு வெளியே நின்றது. எட்டு நாளுக்குப் பிறகு அவள் குரல், மூச்சு வாங்க:

"அதெல்லாம் கரண்டு போனப்பவே அமத்தியாச்சு."

"கரண்டு வந்துருச்சு மயிலா, நல்லாப் பாரு, ஜெனரேட்டர நிறுத்தீட்டாங்க..."

"எந்த ஜெனரேட்டரு? கரண்டு வந்து அரை மணி நேரமாச்சுங்களே. கிரைண்டர்ல மாவு ஆட்டீட்டு இருந்தன். மறுபடி எப்பப் போவுதோன்னு மோருகூடக் கடையாம உளுந்தப் போட்டுட்டன். இப்பத்தான நிறுத்துனன்."

கிரைண்டர். அவர் வீட்டுக் கிரைண்டர். பெல்ட்டில் சுற்றுகிற கிரைண்டர், அவரே எத்தனையோ தடவை பெல்ட் மாற்றிக்கொடுத்தது. அந்தச் சத்தத்தையா அரை மணி நேரம்? கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தவள் ஒரு கணம் கண்ணைச் சுருக்கினாள், பிறகு கை எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட்டாள். அப்போதும் கத்தவில்லை.

"விரலு இருக்குதா?"

"இருக்குது."

"எத்தன?"

"இருக்கற ஒம்போதரையும் இருக்குது."

அவள் சிரிக்கவில்லை. கிட்டே வந்து குனிந்து சந்துக்குள் பார்த்தாள். "வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல" என்றது அவர் வாய். அவர் சொல்லவில்லை, வாய் சொன்னது, இருபத்தேழு வருஷத்துக் கம்பெனி வாய். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மேலே பார்த்தவள், "இது பெல்ட்டு" என்றாள்.

"காலைலதான் மாத்துனேன்."

"சொல்லவே இல்ல?"

"நீ பேசவே இல்ல."

"ம்." புல்லியின் மேல் கையை வைத்தாள். "இதத்தான திருப்போணும்? எந்தப் பக்கம்?"

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார். கியர் இருந்தபோது கையால் மோட்டாரை வலது பக்கம் சுற்றினால் தலை ஏறும், அப்படியென்றால் ஸ்க்ரூ இடது, இப்போது மோட்டாரைத் தொடவில்லை புல்லியை, புல்லி ஸ்க்ரூவின் தலையிலேயே இருக்கிறது, ஆனால் அவள் மேலேயிருந்து பார்க்கிறாள், இவர் கீழேயிருந்து, கீழேயிருந்து பார்த்தால் இடது மேலேயிருந்து பார்த்தால், கறுப்பு ஒயர், சிவப்புப் பிடி, எல்லாம் ஒன்றாகச் சுற்றியது. எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. இருபத்தேழு வருஷ மில்லிங்காரருக்கு, ஒரு திருகாணி எந்தப் பக்கம் திருகினால் ஏறும் என்று தெரியவில்லை.

"தெரியல மயிலா" என்றார். "ஒரு மயிரிழை மட்டும் திருப்பு. வலிச்சாச் சொல்றேன்."

புல்லியில் கை வைத்தபடி குனிந்து அவரைப் பார்த்தாள். அப்புறம்:

"நீங்களா? வலிச்சாச் சொல்லுவீங்களா?"

அவள் திருப்பினாள். கறுப்புப் பெல்ட்டில் அவள் விரலிலிருந்து ஒட்டின மாவு, வெள்ளையாக ஒரு பொட்டு, மெல்ல நகர்ந்தது. தூங்கிப்போயிருந்த விரல் ரெண்டும் ஒரே நேரத்தில் எழுந்துகொண்டன. கணுவிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து பிடரிக்கு ஏறியது. பல்லைக் கடித்தார். கடித்துக்கொண்டு நின்றால் இன்னொரு மயிரிழை திருப்புவாள், அதற்கப்புறம் இன்னொன்று, அவர் சொல்கிறவரைக்கும் திருப்புவாள், சொன்னால் ஒழிய அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழியே இல்லை. இது இவ்வளவு லேசான கணக்கு. தொண்டைக்குள் அந்தப் பழைய சொல் வந்து நின்றது, ஒ என்று உதடு குவிந்தேவிட்டது.

"வலிக்குது" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வலிக்குது மயிலா."

அவள் கை அப்படியே மறுபக்கம் திரும்பியது. வெள்ளைப் பொட்டு நின்ற இடத்திலிருந்தே திரும்பி வந்தது, நடுவில் ஒரு நூலிழைகூடச் சும்மா சுற்றவில்லை. அவள் திருப்பின அதே கணத்தில் விரலின் மேலிருந்து பாரம் எழுந்தது.